நடு அறையில் ஒரு கறை

இதில் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சத்தியம் பண்ணுகிறவனை நம்பக்கூடாது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றும். அதனால் சத்தியத்தோடு நிறுத்தாமல் ஒரு ஏற்பாடும் செய்திருக்கிறேன். சலவைக்காரர்கள் குடியிருக்கும் பெரிய வீட்டின் நடு அறையில், சுவரோரமாக ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். அந்த அறையில் யாராலும் பொய் சொல்ல முடியாது. பொய்யை நாக்கு நுனிவரை கொண்டுவரலாம். உதட்டைத் தாண்டும்போது அது உண்மையாக மாறியிருக்கும். எழுதினாலும் இதே கதிதான். வேண்டுமானால் என் வயதைக் குறைத்து எழுதிப் பார்க்கிறேன்: எண்பத்தொன்று. பார்த்தீர்களா? அறுபது என்றுதான் எழுத நினைத்தேன்.

அந்த வீட்டை யார் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத காரணத்தால் ஊரே அதை அரண்மனை என்றது. எந்த ராஜா என்று கேட்டால் மட்டும் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்கள். சுவர் ஒவ்வொன்றும் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற அகலம். வாசல் கதவு தோள் கொடுத்தால்தான் திறக்கும்.

ராஜா போனாரோ வரவே இல்லையோ, நமக்குத் தெரிந்து முதலில் அங்கே கோர்ட் இருந்தது. கோர்ட்டுக்குப் புதுக் கட்டடம் கிடைத்ததும் பள்ளிக்கூடம் வந்தது. கூரை ஒழுகுகிறது, பிள்ளைகளுக்கு ஆகாது என்று பள்ளிக்கூடத்தை எடுத்துவிட்டு, அதே கூரையின் கீழ் நோயாளிகளைக் கொண்டுவந்து படுக்கவைத்து ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். அதன்பிறகு தபால் ஆபீஸ். அதுவும் போன பிறகு கொஞ்ச காலம் வெங்காயம் குடியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் முதல் வேலையாக, முன்னால் இருந்தவர் அடித்த பெயின்ட்டின் மேல் தங்கள் பெயின்ட்டை அடித்தார்கள். கோர்ட் பழுப்பு. பள்ளிக்கூடம் மஞ்சள். ஆஸ்பத்திரி பச்சை. தபால் ஆபீஸ் சிவப்பு. வெங்காயம் பெயின்ட் அடிக்கவில்லை, வாசனையோடு நிறுத்திக்கொண்டது.

கடைசியாக வந்தது சலவைக்காரக் குடும்பம். நகராட்சிக்கு வாடகை கட்டிக் குடியேறினார்கள். குடியேறிய பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் எந்த அறையில் எது அதிகம் நடந்ததோ அந்தப் பழக்கம் அங்கேயே தங்கிவிட்டது என்று.

முன் அறை வகுப்பறையாக இருந்தது. அங்கே பெரியவர்கள் யார் நுழைந்தாலும் உட்கார்ந்திருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். பக்கத்து அறை தபால் ஆபீஸ். அதில் கால் வைத்தவர்கள் தாமாகவே வரிசையில் நிற்பார்கள். முன்னால் நிற்பவரைத் தாண்டுவது மட்டும் யாராலும் முடியாது. பின் அறை ஆஸ்பத்திரி. அங்கே போனால் குரல் தானாகவே தாழும். அந்த அறையில் கட்டில் போட்டிருந்த கிழவியைப் பார்க்க வருகிறவர்கள், அவருக்கு ஒரு நோயும் இல்லாதபோதும், ஏன் என்று தெரியாமலே ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வருவார்கள்.

நடு அறைதான் கோர்ட்.

வீட்டில் ஆட்கள் மூன்று பேர். சலவைக்காரம்மாவுக்கு நீலக்கை அக்கா என்று பெயர். நீலம் போட்டுப் போட்டுக் கை இரண்டும் மணிக்கட்டுவரை வெளுத்த வானத்தின் நிறத்தில் இருக்கும். அவர் புருஷனை எல்லோரும் இஸ்திரி என்போம். பேசமாட்டார். அவருக்குப் பதில் அவர் பெட்டிதான் ஈரத்துணியின் மேல் புஸ் புஸ் என்று பேசும். மூன்றாவது, ஆரஞ்சுகளுக்கு உரிமையாளரான இஸ்திரியின் அம்மா. வீட்டில் மற்ற இருவரும் பேசாமல் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் அவர் செலவழித்துவிடுவார்.

இவர்கள் புத்திசாலிகள். வீட்டோடு சண்டை போடாமல் அதன் பழக்கத்தை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். தபால் அறையில் துணி வாங்கினார்கள், கொடுத்தார்கள், தள்ளுமுள்ளு கிடையாது. வகுப்பறையில் இஸ்திரி நடந்தது; யாரும் தொணதொணக்க மாட்டார்கள். கிழிந்ததையும் நைந்ததையும் ஆஸ்பத்திரி அறையில் வைத்துத் தைத்தார்கள். அங்கே தைத்த தையல் பிரிந்ததே இல்லை. நடு அறையில்தான் அக்கா கறை விசாரிப்பார்.

சலவைத் தொழிலில் துவைப்பது பெரிய காரியம் இல்லை. கறை என்ன கறை என்று தெரியவேண்டும். எண்ணெய்க்கு ஒரு மருந்து, மைக்கு ஒரு மருந்து, துருவுக்கு ஒரு மருந்து. மாற்றிப் போட்டால் கறை நிரந்தரக் குடியாகிவிடும். கறையைப் பற்றி மட்டும் மனிதர்கள் உண்மை பேசுவதே இல்லை. தலைமையாசிரியர் ஒருவர் வெள்ளைச் சட்டையோடு வந்தார். தபால் அறையில் நின்று, "டீ கொட்டிடுச்சும்மா" என்றார்.

"உள்ளே வாங்க சார், வெளிச்சத்துல பார்ப்போம்" என்று அக்கா நடு அறைக்கு அழைத்துப் போனார். "இது என்ன கறை?"

"மாதுளை" என்றார் தலைமையாசிரியர். "பக்கத்து வீட்டு மரம். சுவர் ஏறிக் குதிச்சேன்." சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

"மாதுளைக்கு எலுமிச்சம்பழம் போதும் சார். நாளைக்கு வாங்க" என்றார் அக்கா. அவ்வளவுதான். வெளியே ஒரு வார்த்தை போகாது. அதனால்தான் ஊரே அவரிடம் துணி போட்டது.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. துணி காய இடமில்லை. நடு அறையில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, போர்வையும் படுக்கை விரிப்புமாகத் தொங்கியது. ஆள் உள்ளே போனால் ஈர முகத்தோடுதான் வெளியே வருவார். வீடு முழுக்கச் சவக்கார வாசனை. அதற்கு அடியில் லேசாக வெங்காயம். அப்படி ஒரு நாளில்தான் பழங்கட்டட ஆபீசர் வந்தார்.

மழையில் குடையோடு, கோட்டுப் போட்டு, கையில் ஒரு உறையோடு வந்தவரை முன் அறையில் உட்காரவைத்தார்கள். கிழவி வந்ததும் மனிதர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"உட்காரு" என்றார் கிழவி.

உட்கார்ந்தார். ஏன் எழுந்தோம் என்று தன் கைகளையே ஒருமுறை பார்த்தார்.

"அம்மா, இந்த வீடு பழம்பெருமை வாய்ந்த கட்டடம்னு அறிவிச்சிருக்கோம்."

"ரொம்ப சந்தோஷம். உங்களுக்கு இப்பதான் தெரிஞ்சுதாக்கும்."

"அதனால நீங்க காலி பண்ணணும்."

"பழசுன்னா நானும்தான் பழசு. எங்கே, என் மருமகளைக் காலி பண்ணச் சொல்லு பார்ப்போம். அவளுக்கு முன்னாடி நான் வந்தவ."

"கிண்டல் பண்ணாதீங்கம்மா. விதி இருக்கு. ஒரு பழைய கட்டடத்தை எந்த வேலைக்காகக் கட்டினாங்களோ, அந்த வேலைக்குத்தான் பயன்படுத்தணும். இது அரண்மனை. அரண்மனையாவே புதுப்பிச்சு, காட்சிக்கூடம் ஆக்கப்போறோம்."

"அரண்மனைன்னா ராஜா வேணுமே. அவரையும் ஆபீஸ்லேர்ந்து அனுப்புவாங்களா?"

ஆபீசர் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுந்து ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு பரிதாபமாக நின்றார். கிழவி, "போயிட்டு வா, பின்னாடி இருக்கு" என்றார்.

வீடு போகிறது என்ற செய்தி பக்கத்தில் நின்ற அக்கா காதில் விழுந்ததா என்பதே சந்தேகம். ஆபீசர் திரும்பி வந்தபோது அவர் கண் ஆபீசரின் சட்டைக் கைமடிப்பில் இருந்தது. கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் நீளம் தெரிந்தது. அதில் ஒரு கறை. பழுப்பும் இல்லை, கறுப்பும் இல்லை.

"சார், அது என்ன கறை?"

"எது? ஓ, இதுவா. மை. பேனா கசிஞ்சிடுச்சு."

"கழட்டிக் குடுங்க."

"எனக்கு வேற..."

"கோட்டு இருக்கில்ல? பித்தானைப் போட்டுக்குங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

வகுப்பறையில் உத்தரவு வந்தால் மீற முடியாது. மனிதர் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கழுத்துவரை கோட்டை மூடிக்கொண்டு, மழை விடும் மாதக்கடைசியில் மேலதிகாரியோடு வருவதாகவும், அன்று சுவரைச் சுரண்டிப் பார்த்து அரண்மனை என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டால் முடிந்தது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அன்று மைக்குப் போடுகிற மருந்தைப் போட்டார். கறை அசையவில்லை. மறுபடி போட்டார். கறை இன்னும் கொஞ்சம் பளபளத்தது.

"பொய் சொல்லியிருக்கான்" என்றார் அக்கா. "இது மை இல்லை."

"வீடே போகுது, உனக்கு அவன் சட்டைதான் கவலையா?" என்று கிழவி பின் அறையிலிருந்து கேட்டார். கத்தத்தான் நினைத்தார், அந்த அறையில் முடியவில்லை.

"வீடு எப்ப போகும்னு தெரியாது அத்தே. இந்தக் கறை இப்ப என் கையில இருக்கு."

ஆனால் கவலை இல்லாமல் இல்லை. வேறு எங்கே போவார்கள்? புதிதாகக் கட்டுகிற வீடுகளில் ஒரு வாளித் தண்ணீர் கீழே சிந்தினால் அடுத்த வீட்டுக்காரன் கதவைத் தட்டுவான். அங்கே துணி அவிக்க வெள்ளாவி அடுப்பு மூட்ட யார் விடுவார்கள்? இஸ்திரி ஒரே தலையணை உறையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் நடு அறையில் இருவரும் ஒரு பெரிய விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கினார்கள். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தபோது அக்கா ஞாபகமில்லாமல் கேட்டுவிட்டார்.

"என்னங்க, சமாளிச்சிடலாம்ல?"

ஆமாம் என்று சொல்லத்தான் இஸ்திரி வாயைத் திறந்தார்.

"தெரியலை. எனக்கு பயமா இருக்கு" என்றார். "போன வாரத்துலேர்ந்து சாப்பாடு இறங்கலை. இறங்கற மாதிரி நடிக்கிறேன்."

அக்கா விரிப்பை விடவில்லை. "எனக்கும்தான்" என்றார். அதுவும் உண்மைதான், அந்த அறை வேறு எதையும் விட்டிருக்காது. இரண்டு பேரும் அந்த விரிப்பைத் தேவைக்கு மேல் முறுக்கினார்கள்.

ஆபீசர்கள் வருகிற நாள் நெருங்கியது. அப்போதுதான் அக்கா அந்தத் தப்பைச் செய்தார். வேறு எந்தத் தொழிலில் இருக்கிறவருக்கும் அது தோன்றியிருக்காது. சுவரைச் சுரண்டப்போகிறார்கள் என்றால் நானும் நீங்களும் ஒரு வக்கீலைத் தேடுவோம். அக்கா சுவரைப் பார்த்தார். ஈரத்துணி தொங்கித் தொங்கிச் சுவர் முழுக்கத் திட்டுத்திட்டாக இருந்தது.

"இவ்வளவு அழுக்கா வச்சிக்கிட்டு, இவங்க எல்லாம் சலவைக்காரங்களான்னு கேட்டுட்டா?" என்றார்.

"காலி பண்ணச் சொல்ல வர்றவன்கிட்ட உனக்கென்னடி பவிசு?" என்றார் கிழவி.

"காலி பண்ணினாலும் சுத்தமாக் காலி பண்ணுவோம் அத்தே."

வெள்ளாவி அண்டாவில் தண்ணீர் கொதித்தது. சோடாவும் சவக்காரமும் தாராளமாக விழுந்தன. துணி போட வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார்கள். தலைமையாசிரியர்கூட ஏணியில் நின்றார், ஏறுவது அவருக்குப் பழக்கம்தானே. அழுக்கு போயிற்று. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தண்ணீர் நிறம் மாறி வடிந்தால் அழுக்கு இன்னும் போகிறது என்று அர்த்தம். எந்தச் சலவைக்காரரும் அப்போது நிறுத்தமாட்டார். தண்ணீர் சிவப்பாகப் போனது. தேய்த்தார்கள். பச்சையாகப் போனது. இன்னும் தேய்த்தார்கள். தெருச் சாக்கடை மஞ்சளாக ஓடுவதைப் பார்க்க ஆட்கள் கூடிவிட்டார்கள். பழுப்பு இறங்க ஆரம்பித்தபோதுதான் கிழவி கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவந்தார்.

"நிறுத்துங்கடி! கோர்ட்டு போகுது! கோர்ட்டு போகுது!"

போய்விட்டது. கூரைப் பலகைகளுக்கு மட்டும் ஏணி எட்டவில்லை. பின்னால் வந்தவர்களுக்கும் எட்டாததால் அங்கே கோர்ட் பழுப்பு அப்படியே இருந்தது. சுவரில் பெயின்ட் போனதோடு, ஊறிப்போன பூச்சும் சேர்ந்து தொப் தொப்பென்று விழுந்தது. எல்லோரும் பிரஷ்ஷோடு அப்படியே நின்றார்கள்.

பூச்சுக்குப் பின்னால், சுவரின் அடியில், இடுப்பளவுக்கு வரிசையாகச் சாய்ந்த கற்கள் வெளியே வந்திருந்தன. ஒவ்வொரு கல்லும் நடுவில் குழிந்து, வழவழவென்று தேய்ந்திருந்தது. கல்லின் கீழே ஒரு கால்வாய். கால்வாய் போய்ச் சேர்கிற மூலையில், தெருவுக்குத் தண்ணீர் போகிற துளை.

இஸ்திரி தொங்கிக்கொண்டிருந்த ஈர விரிப்பு ஒன்றை உருவினார். அதை மடித்து, தோளுக்கு மேல் ஓங்கி, ஒரு கல்லில் அடித்தார். அந்தச் சத்தம் வீடு முழுக்கப் போய்த் திரும்பி வந்தது.

"அம்மா," என்றார் இஸ்திரி, "இது நம்ம கல்லு."

அவர் வாழ்நாளில் கேட்காமல் பேசிய முதல் வாக்கியம் அது. கிழவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

மாதக்கடைசியில் மழை விட்டது. ஆபீசர் மேலதிகாரியோடு வந்தார். மேலதிகாரி கனமான மனிதர்; வருகிற வழியிலேயே சுவர்களைக் கண்ணால் அளந்துகொண்டு வந்தார். செய்தி பரவித் தெருவே துணி போடுகிற சாக்கில் தபால் அறையில் நின்றது. ஆபீசர் முன் அறை வழியாகப் போனார். மேலதிகாரி அவசரத்தில் தபால் அறை வழியாக நுழைந்துவிட்டார். நுழைந்தவர் வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் நின்றது நான்தான். வழி விட எனக்கு ஆசைதான், அறை விடவில்லை.

ஆபீசர் நடு அறையைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"சரித்திரத்தையே துவைச்சுட்டீங்களேம்மா! நாலு காலம்! நாலு காலமும் சாக்கடையில போயிடுச்சே!"

"அது கிடக்கட்டும் சார். இப்படி உள்ளே வாங்க" என்றார் அக்கா. கையில் சட்டை. நியாயமாக அவருக்கு அப்போது வீட்டைப் பற்றித்தான் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். பூச்சோடு சேர்த்து அறையின் உண்மைப் பழக்கமும் போய்விட்டதோ என்ற பயம் வேறு. ஆனாலும் அவர் கறையைப் பற்றித்தான் கேட்டார். "இது என்ன கறை?"

ஆபீசர் மை என்று சொல்லத் தொடங்கினார். "வார்னிஷ்" என்றார்.

கூரையிலிருந்த பழுப்பு வேலை செய்தது.

"என்ன வார்னிஷ்?"

"போர்டுக்கு அடிச்ச வார்னிஷ். ஈரமா இருக்கும்போது கை பட்டுடுச்சு."

"என்ன போர்டு சார்?"

மனிதர் உதட்டைக் கடித்துப் பார்த்தார். பயனில்லை. "அரண்மனை விடுதி. தங்கும் அறைகள் வாடகைக்கு. காட்சிக்கூடம் எல்லாம் சும்மா. எங்க பெரிய ஆபீசரோட மச்சானுக்கு நடத்தக் குடுக்கறதா ஏற்பாடு. போர்டு வந்தாச்சு, என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில இருக்கு."

தபால் அறையில் ஒரு உறுமல் கேட்டது. மேலதிகாரிதான். "யோவ், வாயை மூடுய்யா! நான் வர்றேன்!" என்றார். ஆனால் அவருக்கு முன்னால் இன்னும் பதினைந்து பேர் இருந்தோம். முதலில் நின்ற அம்மா தன் போர்வையில் ஒரு ஓரம் குறைகிறது என்று நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார்.

"சரி, அதை விடு" என்றார் கிழவி ஆபீசரிடம். "உன் விதியைச் சொன்னியே, எதுக்காகக் கட்டினாங்களோ அதுக்குத்தான்னு. இது எதுக்காகக் கட்டினது? பார்த்துச் சொல்லு."

ஆபீசர் கற்களைப் பார்த்தார். கால்வாயைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். அக்காவின் கையிலிருந்த சட்டையை வாங்கி, ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, கல்லுக்கு முன்னால் நின்று துவைக்க ஆரம்பித்தார். கோர்ட்டுக்கும் முந்தின பழக்கம் ஒன்று அந்தச் சுவரில் பூச்சுக்குப் பின்னால் இத்தனை காலம் மூச்சடைத்துக் கிடந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து தன் கைக்குட்டையைக்கூடத் துவைத்திராத மனிதர், தோளைச் சுழற்றி அடித்த அடியில் இஸ்திரியே இரண்டு அடி நகர்ந்துகொண்டார்.

"சலவைக்கூடம்" என்றார் ஆபீசர், மூச்சு வாங்கிக்கொண்டு. "சந்தேகமே இல்லை. ராஜாவும் இல்லை, கீஜாவும் இல்லை. சலவைக்கூடமாவே கட்டியிருக்காங்க. நடுவுல வந்தவங்கதான் மத்ததெல்லாம்."

"அப்ப யாரு காலி பண்ணணும்?"

"இனிமே யாரும் பண்ண முடியாது. விதி அப்படி. நீங்களே போறேன்னாலும் விடக்கூடாது."

தபால் அறையில் எழுந்த சத்தத்தில் வெங்காய வாசனையே ஒரு நிமிஷம் விலகியது. யாரோ விசில் அடித்தார்கள். அக்கா மட்டும் ஆபீசரின் கையிலிருந்து சட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

"வார்னிஷ்னா டர்பன்டைன் சார்! தண்ணியில போட்டு அடிக்கிறீங்களே! மொதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே போயிருக்கும்."

மேலதிகாரியின் முறை வந்தபோது எல்லாம் எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டிருந்தது. ஆத்திரத்தோடு நடு அறைக்குள் வந்தார். எல்லோரையும் தொலைத்துவிடுவேன் என்று சொல்ல வந்தவர் சொன்னது இது:

"என் மச்சான் தொல்லை தாங்கலைம்மா. தினமும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துக்கறான். இது இல்லைன்னு ஆனதே எனக்கு நிம்மதி."

கிழவி அவரைப் பின் அறைக்கு அழைத்துப் போய் ஒரு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். மனிதர் சாப்பிட்டுவிட்டுத் தாழ்ந்த குரலில் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பிற்பகல் வெயில் அடித்தது. அத்தனை நாள் ஈரமாகக் கிடந்த துணியெல்லாம் வெளியே வந்தது. ஜன்னல், மாடிச்சுவர், தெருவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் என்று கொடி கட்டிப் போட்டார்கள். தெரு முழுக்க விரிப்புகள் காற்றில் படபடத்தன. அவற்றுக்குக் கீழே குனிந்து குனிந்து ஆட்கள் வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். இஸ்திரி வாசலில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றார். நடிக்காமல் தின்றார். இன்னும் ஒரு முட்டை கேட்டார்.

கட்டிலுக்கு அடியிலிருந்த போர்டை ஆபீசரே கொண்டுவந்து கொடுத்தார். அதைத் திருப்பி, பின்பக்கம் எழுதி வாசலில் மாட்டினார்கள்: "பழம்பெரும் சலவைக்கூடம். கட்டிய வேலைக்கே இன்றும் பயன்படுகிறது." அவர் சட்டையைப் பழுதில்லாத வெள்ளையாக மடித்துக் கொடுத்தார் அக்கா. அந்த ஆபீசர் இப்போதும் ஓய்வு நாட்களில் வந்து, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஒரு மூட்டை துவைத்துவிட்டுப் போகிறார். உடம்புக்கு நல்லது என்கிறார்.

ஒன்று விட்டுப்போயிற்று. வீடு நிலைத்த பிறகு வேறு சங்கடம் வந்தது. எல்லா நேரமும் மூன்று பேரும் நடு அறையிலேயே கல்லில் வேலை பார்க்க ஆரம்பித்தார்கள். சமையல் எப்படி என்று மருமகள் கேட்பார், மாமியார் சொல்லிவிடுவார். நான் பேசுவது தொந்தரவா என்று மாமியார் கேட்பார், மகன் சொல்லிவிடுவார். ஒரு குடும்பம் அப்படி எத்தனை நாள் ஓடும்? துணிக்கும் வெயில் வேண்டும் என்று சொல்லி, அடுத்த கோடையில் அக்கா நடு அறையின் கூரையைப் பிரித்து அதைத் திறந்த முற்றமாக்கிவிட்டார். பழுப்புப் பலகைகள் அத்தனையும் வெள்ளாவி அடுப்பில் எரிந்தன.

நான் இந்த ஊருக்குக் குடிவந்தது அதற்கு அடுத்த வருஷம்.